எஞ்சினைப் பற்றிப் பொய் சொல்லாத நோபேட்

என்ட மனுசனுக்கு இடது காது கேக்காது. அதை முதல்லயே சொல்லிப்போடுறன். இல்லாட்டி நான் கத்தினனான், கத்தினனான் எண்டு கதை முழுக்க வரேக்க என்னை ஒரு வாயாடி எண்டு நினைச்சுப்போடுவீங்கள். வாயாடிதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அதில பாதிக் கத்தல் அந்தாளிட காதுக்காக.

பேர் நோபேட். கொட்டாஞ்சேனையில சாந்த லூசியா கோயிலுக்குப் பின்னால ஒரு ஒழுங்கை. அதில எங்கட வீடு, வீட்டோட ஒட்டினாப்போல ஒரு தகரக் கொட்டில். அந்தக் கொட்டில்தான் கராஜ். வாசல்ல பேர்ப்பலகை கிடையாது. செவிட்டு மெக்கானிக் எங்க எண்டு சந்தியில கேட்டா ஆரும் கையைக் காட்டி விடுவினம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அதுக்கு என்ன வருத்தம், என்ன பழுது எண்டு சொல்ற ஆளுக்குக் காது கேக்காதாம் எண்டு ஒழுங்கை முழுக்கப் பகிடி. எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவருக்கு ஒண்டுமில்ல, சிரிச்சுக்கொண்டு நிப்பார்.

பதினாலு வயசில துறைமுகத்தில கப்பல் பழுதுபாக்கிற பட்டறைக்கு வேலைக்குப் போனவர். பொய்லருக்குள்ள புகுந்து நிண்டு ஆணி தாங்கிற வேலை. வெளியில ஒருத்தன் சம்மட்டியால அடிப்பான், உள்ளுக்க இவர் இரும்பை முட்டுக் குடுத்துக்கொண்டு நிக்கோணும். பதினொரு வருசம் அப்பிடி நிண்டு, ஒரு காதைக் குடுத்திட்டு வெளியில வந்தவர். மோட்டார் வேலையை அவருக்கு ஆரும் சொல்லிக்குடுக்கல்ல. நாங்கள் கலியாணம் முடிச்ச புதுசில, உடைஞ்ச லொறி எஞ்சின் ஒண்டைக் கொண்டுவந்து என்ட குசினி நிலத்தில பரப்பி வச்சு, மூண்டு தரம் கழட்டிப் பூட்டினவர். நாலாம் தரம் ஸ்டார்ட் வந்திச்சு. அவ்வளவு நாளும் நான் பக்கத்து வீட்டில சமைச்சனான்.

கேக்கிறதுக்கு அவரிட்ட ஒரு வழி இருந்திச்சு. என்ட அகப்பையைக் கழட்டிக் காம்பை எடுப்பார். ஒரு நுனியைப் பல்லால கடிச்சுக்கொண்டு, மற்ற நுனியை ஓடுற எஞ்சின்ல ஊண்டுவார். கண்ணை மூடுவார். சத்தம் பல்லு வழியா மண்டைக்குள்ள வருமாம். எந்த வால்வு தளர்ந்திருக்கு, எந்த பெயரிங் தேய்ஞ்சிருக்கு எண்டு துல்லியமாச் சொல்லுவார். காது நல்லாக் கேக்கிற ஆளுக்கு ஊர்ச் சத்தமும் சேர்ந்து கேக்கும், தனக்கு எஞ்சின் மட்டும்தான் கேக்கும் எண்டு பெருமை வேற. வேற தடி கிடைக்காதா எண்டு கேட்டா, அகப்பைக் காம்புதான் நல்லாக் காய்ஞ்ச மரம், தெளிவாப் பேசும் எண்டுவார். இந்தத் தொழிலுக்கு நான் ஏழு அகப்பை குடுத்திருக்கிறன்.

இன்னொரு குணம். மற்ற எதையும் பூசி மெழுகுவார், எஞ்சினைப் பத்தி மட்டும் பொய் சொல்லமாட்டார். நான் சமைச்ச கறி உப்பா இருந்தாலும் நல்லாயிருக்கு எண்டுவார். என்ட அக்கா வந்து நிண்டா, வராதவ வந்தது பெரிய சந்தோசம் எண்டு வாயெல்லாம் பல்லாச் சிரிப்பார். ஆனா ஒருக்கா ஒராள் தன்ட காரை விக்கிறதுக்கு வாங்க வந்தவனையும் கூட்டிக்கொண்டு எங்கட கொட்டிலுக்கு வந்து, நல்ல எஞ்சின் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ எண்டு கண்ணைக் காட்டினவர். இவர் ரெண்டு பேருக்கும் முன்னால, சிலிண்டர்ல வெடிப்பிருக்கு எண்டு சொல்லிப்போட்டார். விக்க வந்தவனும் போயிட்டான், வாங்க வந்தவனும் போயிட்டான். அண்டைக்கு நான் போட்ட சத்தம் கோயில் மணிக்கு மேல கேட்டிருக்கும்.

இப்ப சொல்லப்போறது நாப்பத்து நாலாம் ஆண்டு நடந்தது. உலகச் சண்டைக் காலம். பெற்றோலுக்குக் கூப்பன், அரிசிக்குக் கூப்பன், றோட்டு முழுக்கப் பட்டாளத்து லொறி.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒழுங்கைக்குள்ள ஒரு பழைய இங்கிலீஸ் கார் வந்து நிண்டிச்சு. ஓட்டிக்கொண்டு வந்தவர் பேர் தங்கையா. மலையகத்துத் தோட்டத்தில பிறந்து, சின்ன வயசிலயே கொழும்புக்கு வந்து, பன்ரண்டு வருசமா வெள்ளவத்தையில ஒரு பிரக்கிராசி வீட்டில ட்றைவர். அந்தப் பிரக்கிராசி ஸாலிஹ், புதுக்கடைக் கோட்டில வழக்குப் பேசுறவர், பேர் பெற்ற மனுசன். தங்கையா, அவர் பெண்சாதி ஆறாயி, ரெண்டு பிள்ளையள், நாலு பேரும் அந்த வீட்டுப் பின்பக்கத்து அறையிலதான் குடியிருப்பு. வெள்ளிக்கிழமையில ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போற இடத்தில ஆரோ தங்கையாவிட்ட என்ட மனுசனைப் பத்திச் சொல்லியிருக்கினம்.

கார் மூண்டு கிழமையா மேட்டில ஏறேக்க விக்கி விக்கி நிக்குதாம். ரெண்டு பெரிய கராஜில காட்டியாச்சாம். பிளக் எல்லாம் புதுசு போட்டாச்சாம். அதுக்குப் பிறகும் விக்குது. ரெண்டாவது கராஜ்காரன் பிரக்கிராசியிட காதில ஒண்டை ஓதிப்போட்டான்: எஞ்சின்ல பிழை இல்ல, பெற்றோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு, ட்றைவரைக் கேளுங்கோ எண்டு. அந்த நேரம் பெற்றோலைக் களவா வித்துப்போட்டு மண்ணெண்ணெய் ஊத்திற ட்றைவர்மார் இருந்தவங்கள்தான், நான் இல்லையெண்டல்ல. ஆனா விளக்கேத்தவே எண்ணெய்க்குத் திண்டாடுற காலத்தில இந்த மனுசன் எங்க போய் மண்ணெண்ணெய் எடுக்கிற?

பிரக்கிராசி ஒரு நாளும் சத்தம் போடாத மனுசனாம். தங்கையாவைக் கூப்பிட்டு, களவெடுத்த ஆளைத் தன்ட வீட்டில வச்சிருக்க ஏலாது எண்டிருக்கிறார். வேணுமெண்டா இன்னொரு ஆளிட்டக் காட்டு, சனிக்கிழமை காலமைக்குள்ள காரணம் தெரியோணும், தெரியாட்டி வேலையால நிப்பாட்டின கடிதத்தை வாங்கிக்கொண்டு அறையை விட்டிட்டுப் போ எண்டிருக்கிறார். களவு எண்டு எழுதின கடிதத்தோட கொழும்பில எந்த வாசல்படி ஏறலாம்? திரும்பித் தோட்டத்துக்குப் போவம் எண்டா, அங்க வேலையாள் பதிவில பேர் இல்ல. ஆறாயி சட்டி பானையைக் கட்டத் தொடங்கிட்டாவாம்.

இவர் எல்லாத்தையும் வலது காதைக் குடுத்துக் கேட்டவர். பிறகு டொக்டர் கேக்கிற மாதிரிக் கேள்வி. எப்ப விக்குது? மேட்டில மட்டும். கடற்கரை றோட்டில? நல்லா ஓடும். ஆளில்லாம ஓடினா? விக்காது. ஐயாவும் அவரிட பைல் கட்டும் பின்னால ஏறினா? விக்கும்.

நேரா என்ட குசினிக்குள்ள வந்து வெளுத்து மடிச்சு வச்ச தலகணி உறையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலயே ஓடினன். உறையில ஒரு பக்கம் காரிட பெற்றோல் ஒரு சொட்டு, மற்றப் பக்கம் என்ட விளக்கில இருந்த மண்ணெண்ணெய் ஒரு சொட்டு. வெயில்ல விரிச்சுப் போட்டார். கொஞ்ச நேரத்தில பெற்றோல் விழுந்த இடம் இருந்த இடம் தெரியல்ல. மண்ணெண்ணெய் விழுந்த இடம் வட்டமாக் கறை. கலப்பு இல்ல எண்டு தங்கையாவைப் பாத்துச் சொன்னார். அந்தாள் அப்பிடியே குந்தி இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். என்ட உறை போனது போனதுதான், ஆனா அந்த நேரம் எனக்கு அது பெரிசாத் தெரியல்ல.

பிறகு அகப்பைக் காம்பு. வால்வெல்லாம் ஒழுங்கு எண்டார். பிறகு ஒவ்வொரு பிளக்கா ஸ்குறூ ட்றைவரை வச்சு நெருப்பை நிப்பாட்டிப் பாத்தார். எந்தப் பிளக் வேலை செய்யல்லயோ, அதை நிப்பாட்டினா எஞ்சின் சத்தம் மாறாது. நாலையும் நிப்பாட்டிப் பாத்தா நாலுக்கும் மாறுது. கொட்டிலுக்குள்ள நிக்கேக்க நாலும் உசிரோடதான் இருக்கு. அப்ப இது இஞ்ச நிண்டு பாத்து அம்பிடாது, மேட்டிலதான் பிடிக்கோணும் எண்டிட்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பிரக்கிராசி கோட்டுக்குள்ள போனதும் இவர் புதுக்கடைக்குப் போனார், கையில ஒரு சாக்கோட. அங்க நடந்ததைத் தங்கையா பிறகு எனக்குச் சொன்னவர். சொல்லேக்க சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்திச்சாம் அவருக்கு. பொனட்டிட ஒரு பக்கத்தைத் திறந்து கட்டிப்போட்டு, இவர் காரிட பக்கத்துப் படியில ஏறி நிண்டு, தலையையும் எஞ்சினையும் சேத்துச் சாக்கால மூடிக்கொண்டாராம். உச்சி வெயில்ல அந்தச் சாக்குக்குள்ள மட்டும் இருட்டு. பாரம் வேணும் எண்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில இருந்த நல்ல பருமனான ஆக்கள் அஞ்சு பேரைப் பிடிச்சுக் காருக்குள்ள ஏத்தினாராம். பிறகு மேட்டில மெல்ல மெல்ல ஏத்தச் சொன்னாராம். கோட்டுக் கிளாக்கர்மார், கடைக்காரர், வழக்குக்கு வந்த சனம், எல்லாம் வெளியில வந்து வாயைப் பிளந்துகொண்டு நிண்டு பாத்ததாம். தலையில சாக்கு மூடின மனுசன் ஒருத்தன் காரில தொங்கிக்கொண்டு போனா ஆர்தான் பாக்காம விடுவினம்?

நடு மேட்டில கார் விக்கத் தொடங்கிச்சு. இவர் சாக்குக்குள்ள இருந்து ஒரு கையை வெளியில நீட்டி, நிப்பாட்டு எண்டு காட்டினார். பிடிச்சிட்டார்.

விசயம் இதுதான். மூண்டாவது பிளக்குக்குப் போற வயர்ல கறுப்பா ஒரு சின்னக் கூடு கட்டியிருந்திச்சு, சுண்டுவிரல் அளவு. எண்ணெய்யும் கரியும் பிடிச்சு, வயரைப் பிடிச்சிருக்கிற கிளிப் மாதிரித்தான் இருந்திச்சாம். ரெண்டு கராஜ்காரனும் அப்பிடித்தான் நினைச்சு விட்டிருக்கிறாங்கள். அது மாசக் கணக்கா ஆடி ஆடி வயரிட றப்பரைத் தேச்சிட்டுது. மேட்டில எஞ்சின் மூச்சைப் பிடிச்சு இழுக்கேக்க பிளக்குக்குள்ள நெருப்புப் பாயிறது கஷ்டமாம். சுகமான வழி ஒண்டு பக்கத்தில இருந்தா அது அங்க பாஞ்சிடுமாம். இவர் இருட்டுக்குள்ள பாத்தது அதைத்தான்: வயர்ல இருந்து கூட்டுக்கும், கூட்டில இருந்து எஞ்சின் இரும்புக்கும் நீலமா ஒரு நூல் பாயுது. அது பாயிற நேரமெல்லாம் கார் விக்குது.

அவிட்டு எடுத்துத் துணியால துடைச்சுப் பாத்தா, செப்புக்கூடு. ரெண்டு பக்கமும் மெழுகு வச்சு அடைச்சது. தாயத்து. இவர் தங்கையாவைப் பாத்தார். தங்கையாவிட முகத்தில ரத்தம் இல்ல.

எட்டு மாசத்துக்கு முந்தி, பொரளைச் சந்தியில ஒரு பட்டாளத்து லொறி பிரக்கிராசியிட காரை ஒரு சாண் இடைவெளியில தப்ப விட்டிருக்கு. அதைக் கேட்ட நாள் தொட்டு அவரிட பெண்சாதி உம்மு குல்தூம் நோனாவுக்கு நித்திரை இல்ல. ஒரு லெப்பையிட்ட ஓதி வாங்கின தாயத்தைத் தங்கையாவிட்டக் குடுத்து, காருக்குள்ள எங்கயாவது கண்ணில படாம கட்டு, ஐயாவுக்கு உசிர் போனாலும் சொல்லக் கூடாது எண்டு, பிள்ளையளிட தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கிறா. ஏனெண்டா பிரக்கிராசிக்குத் தாயத்து எண்டா கண்ணில காட்டக் கூடாது. அது மார்க்கத்துக்குப் பிழை எண்டு சபையில பேசுற மனுசன். தன்ட பிள்ளையிட இடுப்பில கட்டியிருந்த ஒண்டை அறுத்துக் கடல்ல எறிஞ்சவர். அதுக்குப் பிறகு பெண்சாதியோட ரெண்டு மாசம் முகம் குடுத்துக் கதைக்கல்லயாம். தங்கையா பாத்தார், சூடு படாத இடம் வயர்தான், அதில கட்டிப்போட்டார். கட்டினதையே மறந்தும் போனார்.

இப்ப தெரிஞ்சிட்டுது. இனி என்ன, ஐயாவிட்டச் சொல்லித் தப்பலாம்தானே? அந்த மனுசன் றோட்டில வச்சு என்ட மனுசன்ட ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு, "அண்ணே, அம்மா பேரு வெளிய வந்துறக் கூடாதுங்க. நான் போனாப் போறேன்," எண்டிருக்கிறார்.

அண்டைக்குப் பின்னேரம் நான் கோயிலால வந்த பிறகுதான் இவர் எனக்கு இதெல்லாம் சொன்னவர். நான் கேட்டன், வயர் பழசாகிப் போச்சு, புது வயர் போட்டாச்சு எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோவன், அதில என்ன குறைஞ்சு போகுது? றப்பர் தேய்ஞ்சது உண்மைதானே? இவர் ஏலாது எண்டு தலையை ஆட்டினார். வயர் பழுதானதால விக்கல்ல, கூடு பட்டதால விக்கினது, நான் எஞ்சினைப் பத்திப் பொய் சொல்லமாட்டன் எண்டார். அப்ப உள்ளதைச் சொல்லுங்கோ எண்டன். அது எங்கட விசயம் இல்ல எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. பொய்யும் சொல்லமாட்டீங்கள், உண்மையும் சொல்லமாட்டீங்கள், அந்தப் பிள்ளையள் ரெண்டும் நாளைக்கு எங்க படுக்கிற எண்டு கத்தினன். வலது காதுப் பக்கமா நிண்டுதான் கத்தினன்.

அவர் தாயத்தை ஒரு சுத்தமான துணியில சுத்தி என்ட கையில வச்சார். "மாக்ரெட், இதை நோனாவிட கையில குடு. என்னத்தால கார் நிண்டது எண்டு அவவுக்கு மட்டும் சொல்லு. வேற ஒரு சொல்லும் வேண்டாம். இதைச் செய்யுங்கோ எண்டும் சொல்லாத," எண்டார். வெளி ஆம்பிளை ஒருத்தர் அந்த வீட்டுப் பொம்பிளையோட கதைக்க ஏலாது, அதுக்குத்தான் நான். மாதாவிட பேரில என்னட்டயும் ஒரு சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் விட்டவர்.

சனிக்கிழமை காலமை தங்கையா எங்களைக் காரிலயே வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையில பெரிய வீடு. பின்பக்கத்தில ஆறாயி மூட்டைக்குப் பக்கத்தில பிள்ளையளை இருத்தி வச்சுக்கொண்டு இருந்தா. பெரிய பிள்ளை மூட்டையில சாய்ஞ்சு நித்திரை. விறாந்தையில பிரக்கிராசி, முன்னால மேசை, மேசையில ஒரு கடித உறை. நான் தண்ணி குடிக்கோணும் எண்டு கேட்டன். பொம்பிளைதானே, உள்ளுக்குப் போகச் சொன்னார்.

திரைக்குப் பின்னால உம்மு குல்தூம் நோனா நிண்டா. முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும், மெலிஞ்ச உடம்பு. கிளாசில தண்ணி தந்தா. நான் குடிக்காம துணிப் பொட்டலத்தை அவவிட உள்ளங்கையில வச்சுச் சொன்னன்: இது வயர்ல பட்டுத்தான் கார் நிண்டது, என்ட மனுசன் உங்களிட்டத் தரச் சொன்னவர், ஐயாவுக்குத் தெரியாது. சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டன். அவ துணியை விரிச்சுப் பாத்தா. திரும்பச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில வந்து நிண்டா.

திரைக்கு அந்தப் பக்கம் பேசுறது எங்களுக்கு அச்சொட்டாக் கேட்டிச்சு. இவர் தலகணி உறையை விரிச்சுக் காட்டினார். பிரக்கிராசி விடுவாரா? இண்டைக்கு இருக்கிற பெற்றோல் சுத்தம், போன மாசம் இருந்தது சுத்தம் எண்டு இது எப்பிடிக் காட்டும் எண்டார். கார் இனி விக்காது, நீங்களே மேட்டில ஏத்திப் பாருங்கோ எண்டார் இவர். அப்ப காரணம் என்ன எண்டார் அவர்.

"வயர்ல ஒரு பொருள் பட்டுக்கொண்டிருந்தது ஐயா. எடுத்திட்டன்."

"என்ன பொருள்?"

"சொல்ல ஏலாது ஐயா."

"தெரியாதா, சொல்ல ஏலாதா?"

"தெரியும். சொல்ற உரிமை எனக்கில்ல."

பிரக்கிராசி சத்தம் போடாம ஆறுதலாத்தான் கதைச்சவர், அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்திச்சு. காரணத்தை மறைக்கிற சாட்சியைக் கோட்டில ஆரும் நம்பமாட்டினம் எண்டார். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த ஏற்பாடு எண்டுதான் நான் எடுக்கோணும் எண்டார். நான் திரை இடுக்கால பாத்தன். இவர் தொப்பியைக் கையில வச்சுக்கொண்டு, அசையாம நிக்கிறார். பொய்க்காரன் எண்டு முகத்துக்கு நேர சொல்லியாச்சு. நோபேட்டைப் பொய்க்காரன் எண்டு! ஒரு சொல்லு சொன்னா எல்லாம் முடிஞ்சிடும். நாக்கைப் பல்லால கடிச்சுக்கொண்டு நிண்டன், வாயில ரத்தம் உப்புக் கரிச்சுது.

பிரக்கிராசி கடித உறையை எடுத்துத் தங்கையாவைக் கூப்பிட்டார். அந்த மனுசன் படியில ஏறி வந்து, குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டினார், கோயில்ல திருநீறு வாங்கிற மாதிரி.

என்ட பக்கத்தில நிண்ட நோனா முக்காட்டை இழுத்துவிட்டா. திரையை விலக்கிக்கொண்டு வெளியில போயிட்டா. அந்த வீட்டுக்குக் கலியாணம் முடிச்சு வந்த பதினாலு வருசத்தில பிற ஆம்பிளையள் நிக்கிற விறாந்தைக்கு அவ வந்ததே இல்லையாம். என்ட மனுசன் சடக்கெண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டார். அவ நேரா மேசைக்குப் போய்த் துணியை விரிச்சு வச்சா.

"இது நான் கட்டச் சொன்ன. நீங்க உசிரோட ஊட்டுக்கு வரோணுமெண்டு கட்டச் சொன்ன. பிழை எண்டா அது என்ட பிழை. தங்கையா களவெடுக்கல்ல, எனக்குத் தந்த சத்தியத்தக் காப்பாத்திச்சி."

சொல்லி முடிச்சுப்போட்டு உள்ளுக்கு ஓடி வரல்ல. அங்கயே நிண்டா. கடல்ல எறியப் போறாரோ, ஏசப் போறாரோ, எதெண்டாலும் வாங்கிறதுக்கு நிண்டா. எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. நானெல்லாம் கத்துறதை ஒரு தைரியம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

பிரக்கிராசி தாயத்தைக் கையில எடுத்தார். திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒரு பக்கம் நெருப்புப் பாஞ்சு பாஞ்சு கறுத்துப் போயிருந்திச்சு. நேத்தே உனக்குத் தெரியுமா எண்டு தங்கையாவைக் கேட்டார். தெரியுமுங்க எண்டார் அவர், நீட்டின கையை இன்னும் மடக்காம.

"தெரிஞ்சுமா இந்தக் கடிதத்தை வாங்க வந்தாய்?"

"அம்மாகிட்ட சொன்ன சொல்லுங்க, ஐயா."

பிரக்கிராசி உறையோட கடிதத்தை நாலாக் கிழிச்சார். பிறகு கதிரையை விட்டு எழும்பினார். ட்றைவருக்கு முன்னால எழும்பி நிண்டு, எல்லாருக்கும் கேக்க, "நான் உனக்கு அநியாயம் செஞ்சிட்டன் தங்கையா, மன்னிச்சுக்கோ," எண்டார். என்ட மனுசன்ட பக்கம் திரும்பி அவரிட்டயும் மன்னிப்புக் கேட்டார். அவர் இவரிட இடது காதுப் பக்கமா நிண்டதில முழுக்கக் கேக்கல்ல போல, இவர் ஓம் ஐயா எண்டார்.

பிறகு பிரக்கிராசி பெண்சாதியை ஒருக்காப் பாத்தார். குரல் இறங்கிப் போச்சு. இதைக் காரில எங்க கட்டினா எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாது எண்டு இவரைக் கேட்டார். ஆரும் இதுக்குச் சிரிச்சிருப்பினம். என்ட மனுசன் நெத்தியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ சிலிண்டருக்கு அளவெடுக்கிற மாதிரி யோசிச்சார். பின் சீட்டுக்குக் கீழ மரச் சட்டம் இருக்கு, அங்க வயரும் இல்ல சூடும் இல்ல எண்டார். தன்ட கையாலயே கொண்டுபோய்க் கட்டியும் விட்டார். நோனா அப்பதான் அழத் தொடங்கினா.

தங்கையாதான் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர். வழி முழுக்க நான் இவரைக் குடைஞ்சுகொண்டு வந்தன். அந்த நோனா வெளியில வராட்டி என்ன செய்திருப்பீங்கள்? அவ பயந்துபோய் உள்ளுக்கே நிண்டிருந்தா? அந்த நாலு சீவனும் றோட்டில நிக்க, நீங்கள் தொப்பியைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டிருப்பீங்களோ? இவர் யன்னலால கடலைப் பாத்துக்கொண்டு வந்தார். செவிட்டுக் காதை என்ட பக்கம் திருப்பி வச்சிருக்கிறார் எண்டு நினைச்சு இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு விறகு எடுக்கக் கொட்டிலுக்குள்ள போனன். போனவள் அப்பிடியே நிண்டிட்டன். பின் மூலையில கிடந்த இரும்புச் சாமான் முழுக்க வெளியில தள்ளியிருந்திச்சு. நிலம் கழுவி, எண்ணெய்க் கறை போகத் தேச்சிருந்திச்சு. புதுத் தென்னோலைக் கிடுகால ஒரு மறைப்பு. அதுக்குள்ள ரெண்டு பாய், எங்கட பெட்டிக்குள்ள இருந்த கலியாணப் பெட்சீட், அடுப்புக்கு மூண்டு கல்லு. நேத்துப் பின்னேரம் நான் கோயில்ல செபமாலை சொல்லிக்கொண்டிருக்கேக்க செய்திருக்கிறார். நாலு பேர் தாராளமாப் படுக்கலாம்.

எனக்கு அழுகை வந்திட்டுது. அழுதுகொண்டே கத்தினன், என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம நாலு பேரைக் குடி வைக்கப் பாத்தீங்களோ எண்டு. இவர் வாசல்ல வந்து நிண்டு, "கேட்டா நீ ஓம் எண்டுதானே சொல்லியிருப்பாய்," எண்டார்.

ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். அது அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கு எண்டதில எனக்கு அவ்வளவு சந்தோசம். அதைக் காட்டிக்குடுக்கக் கூடாது எண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை வரைக்கும் நான் அந்தாளோட கதைக்கல்ல.